மலை வீட்டில் காய்கறி பேக்: வெள்ளை சாஸா, முட்டைப் பாலா, உருளைக்கிழங்கு அடுக்கா?

காய்கறி பேக், அதாவது காயைப் பாத்திரத்தில் பரப்பி அவன் (oven) அடுப்பில் சுட்டெடுக்கும் பண்டம், மூன்று விதமாக வரும். வெந்த காயை வெள்ளை சாஸில் புரட்டி, சீஸ் தூவி, மேலே சிவக்க வாட்டுவது ஒன்று. காயின் மேல் முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, கட்டியாகும்வரை மெல்லிய சூட்டில் வைப்பது இரண்டு. உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, பாலோடும் கிரீமோடும் அடுக்கி வேகவைப்பது மூன்று. மதுரையிலோ கோவையிலோ இதில் எதைச் செய்தாலும் செய்முறையில் போட்ட நேரத்துக்குள் வந்துவிடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படி வராது. மேலே கருகியிருக்கும், உள்ளே கிழங்கு கடிபடும், அடியில் தண்ணீர் நிற்கும். அதனால் மலையில் இருப்பவர்கள் எந்த விதம் என்பதைக் கொஞ்சம் யோசித்தே எடுக்க வேண்டும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தோட்டத்துக் காய் கலந்து கையில் இருக்கிறது, வீட்டில் இருப்பது சாதாரண ஓடிஜியோ (மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) கேஸ் அடுப்போதான் என்றால், வெள்ளை சாஸ். கீரை, லீக்ஸ் (வெங்காய இனத்துத் தண்டு), மேரக்காய் (சௌசௌ) மாதிரி நீர்க்காய் என்றால் முட்டைப் பால். உருளைக்கிழங்கு அடுக்கு மூன்றிலும் ருசியானது. ஆனால் பச்சைக் கிழங்கை அப்படியே அடுக்கி அவனில் வைக்கும் முறையை மலையில் மறந்துவிடுங்கள். கிழங்கை அடுப்பிலேயே பாலில் முக்கால் வேக்காடு வேகவைத்த பிறகுதான் அடுக்க வேண்டும்.

உயரம் என்ன செய்கிறது

ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் 93. குன்னூரிலும் கோத்தகிரியிலும் 94 வரை போகும். அவனுக்குள் காற்று 200 டிகிரியில் இருந்தாலும், பாலில் முங்கிக் கிடக்கும் காயின் சூடு இந்த எல்லையைத் தாண்டாது. கேரட்டும் கிழங்கும் பதமாவதற்குக் காரணம், அவற்றின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் சூட்டில் இளகுவதுதான். ஏழெட்டு டிகிரி குறைந்தால் அந்த இளக்கம் நன்றாகவே மெதுவாகும். பருப்பு வேக இங்கே கூடுதலாக இரண்டு விசில் விடுவதும் இதனால்தான்.

அதே நேரத்தில் மேல்பரப்பில் இருக்கும் ஈரம் சமவெளியைவிடச் சீக்கிரம் ஆவியாகும். மேல் காய்ந்துவிட்டால் அங்கே மட்டும் சூடு ஏறி, சிவந்து, கருகத் தொடங்கும். மேலே அவசரம், உள்ளே மந்தம். மலை வீட்டு பேக்கின் கோளாறுகள் பெரும்பாலும் இந்த இரண்டும் சேர்ந்து வருபவை. காயை வெளியே வேகவைத்துவிட்டு, அவனைச் சூடேற்றவும் சிவக்கவைக்கவும் மட்டும் பயன்படுத்தினால் இரண்டும் சரியாகிவிடும்.

வெள்ளை சாஸ்: எந்தக் கலவைக் காயும் தாங்கும்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதில் அவனுக்கு வேலை குறைவு. சாஸ் அடுப்பிலேயே கெட்டியாகிவிடுகிறது, காயும் வெந்தே உள்ளே போகிறது. மின்சாரம் பாதியில் போனாலும் சாப்பிடும் நிலையில் இருக்கும்.

நாலைந்து பேருக்கு, இரண்டு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்துக்கு அளவு: சுத்தம் செய்த காய் 1 கிலோ, வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், பால் 600 மில்லி, சீஸ் 100 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல், மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, ஜாதிக்காய் துருவியது ஒரு சிட்டிகை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் ஜாதிக்காய் முழுதாகவே கிடைக்கும். அதை வாங்கி அவ்வப்போது துருவிக்கொண்டால் பொடி டப்பாவில் வராத மணம் வரும்.

காய்களை ஒன்றாகப் போட்டு வேகவைக்கக் கூடாது. உப்புத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, விரல் நுனியளவு நறுக்கிய கேரட்டை முதலில் போடுங்கள். ஊட்டி உயரத்தில் 8 நிமிடம் பிடிக்கும். நூக்கலும் டர்னிப்பும் அதே நேரம். பீன்ஸ் 6 நிமிடம், காலிஃப்ளவர் 5, பிஞ்சுப் பட்டாணி 3. கத்தி நுனி உள்ளே இறங்க வேண்டும், ஆனால் காய் உடையக் கூடாது. கொடைக்கானல் பக்கத்துப் பட்டர் பீன்ஸ் கையில் இருந்தால் அதைத் தனியாகக் குக்கரில் வேகவைத்துச் சேருங்கள். அதன் மாவுத்தன்மைக்கு இந்த சாஸ் அப்படிப் பொருந்தும். பீட்ரூட் மட்டும் வேண்டாம். ஒரு துண்டு விழுந்தாலும் பாத்திரம் முழுக்க ரோஸ் நிறமாகிவிடும்.

அடுத்ததைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். வடிகட்டிய காயை உடனே சாஸில் கொட்டாமல், சுத்தமான துணியில் பரப்பி 10 நிமிடம் ஆவி போக விடுங்கள். சூடான காயிலிருந்து அந்தப் பத்து நிமிடத்தில் போகும் ஈரம் போகாவிட்டால், அது பேக் ஆகும்போது சாஸுக்குள் இறங்கும். அடியில் தண்ணீராக நிற்பதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். காலிஃப்ளவர் பூவின் இடுக்கில் தண்ணீர் தேங்கும் என்பதால் அதைத் தலைகீழாக வையுங்கள்.

முட்டைக்கோஸைத் தண்ணீரில் போடவே வேண்டாம். நீளமாக நறுக்கி, அகலமான வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில், மூடாமல், 8 முதல் 10 நிமிடம் வதக்கி நீரை வற்றவிடுங்கள். தொடர்மழைக்குப் பின் அறுத்த கோஸ் கூடுதலாக நீர் விடும். ஜூலையில் ஊட்டிப் பக்கமும், அக்டோபர், நவம்பரில் கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமும் இதைக் கணக்கில் எடுத்து மைதாவையும் வெண்ணெயையும் 60 கிராமாக்கிக்கொள்ளலாம்.

சாஸுக்கு: வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டு, சிறு தீயில் 2 நிமிடம், நிறம் மாறாமல் கிளறுங்கள். வெதுவெதுப்பான பாலை மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கட்டியில்லாமல் கலக்கிய பின் அடுத்ததை ஊற்றுங்கள். மலை வீட்டில் வெளியே வைத்த பாலே ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த மாதிரி இருக்கும். அதை அப்படியே ஊற்றினால் வெண்ணெய் உறைந்து மாவு கட்டி தட்டிவிடும். முழுப்பாலும் சேர்ந்து கொதி வந்ததும் இன்னும் 4, 5 நிமிடம் கிளறுங்கள். சமவெளிச் செய்முறைகளில் 2 நிமிடம் என்றிருக்கும். கொதிநிலை குறைவான இடத்தில் அது போதாமல் பச்சை மாவு வாடை நிற்கும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடிக்கொள்ளக் கூடாது. அதுதான் பதம். சீஸில் ஒரு பங்கைச் சாஸில் கலந்த பிறகே உப்பைச் சரிபாருங்கள்.

காயைச் சாஸில் புரட்டி, வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் பரப்பி, மீதிச் சீஸைத் தூவி, 190 டிகிரியில் 25 நிமிடம். ஓரங்களில் சாஸ் குமிழியிடத் தொடங்கியதும் மேலே உள்ள சூட்டுக்கம்பியை (ராடு) மட்டும் 4, 5 நிமிடம் ஓடவிட்டால் நிறம் வரும். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கரண்டியைப் போட்டால் சாஸ் ஓடும். சற்று ஆறினால் தானே பிடித்துக்கொள்ளும்.

முட்டைப் பால்: நீர்க்காய்க்கு உகந்தது

முட்டையும் பாலும் கலந்தது 80 முதல் 85 டிகிரிக்குள் கட்டியாகிவிடும். ஊட்டியின் கொதிநிலைக்கும் இது கீழேதான். ஆகவே மூன்று விதங்களில் உயரம் பெரிதாகத் தொந்தரவு செய்யாதது இது ஒன்றே. சூடு அதிகமானால்தான் ஆபத்து. முட்டை இறுகி, தனக்குள் பிடித்திருந்த நீரை வெளியே விட்டுவிடும். வெட்டினால் ஓட்டை ஓட்டையாக இருக்கும், தட்டில் தண்ணீர் ஓடும்.

முட்டை 4, பால் 400 மில்லி, சீஸ் 80 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, மிளகு. காய், வதக்கிப் பிழிந்த பிறகு 400 கிராம் இருந்தால் போதும். அதற்கு மேல் திணித்தால் முட்டை பிடிக்காது.

கொல்லைப்புற வேலியில் காய்த்துத் தொங்கும் மேரக்காய்க்கு (சௌசௌ என்று கடையில் கேட்பது இதைத்தான்) இதைவிட நல்ல வழி கிடையாது. தோல் சீவி, பெரிய துளையில் துருவி, அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். துணியில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் அரை டம்ளர் அளவுக்கு நீர் வடியும். அதைக் கொட்டாமல் பருப்பில் சேர்க்கலாம். பிழிந்ததை வெண்ணெயில் 5 நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள். காயில் உப்பு ஏறியிருப்பதால் முட்டைக் கலவையில் பாதி உப்பே போதும். லீக்ஸ் என்றால் நீளவாக்கில் பிளந்து, இதழ் இதழாக மண் போகக் கழுவுங்கள். மலை மண் உள்மடிப்பில் ஒளிந்திருந்து பல்லில் நெறுநெறுக்கும். பிறகு மூடிவைத்து 12 நிமிடம் சிறு தீயில் வதக்க வேண்டும். கீரையை வதக்கி, ஆறியதும் கையால் உருண்டையாகப் பிழியுங்கள்.

காய் முழுதாக ஆறிய பின்பே முட்டையை ஊற்றுங்கள். பாத்திரத்தை இன்னொரு பெரிய தட்டில் வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி, 160 டிகிரியில் 40 நிமிடம். ஓரம் இறுகி, நடுவில் மட்டும் லேசாகத் தளும்பும்போது எடுத்துவிடுங்கள். வெளியே இருக்கும்போதே நடுவும் இறுகும். முட்டை சாப்பிடாத வீட்டுக்கு இதற்கு மாற்று கிடையாது. கடலை மாவைக் கரைத்து ஊற்றலாம்தான், ஆனால் அது வேறு பண்டம். அந்த வீட்டில் வெள்ளை சாஸே சரி.

உருளைக்கிழங்கு அடுக்கு: அதிக ருசி, அதிகக் கவனம்

பிரான்ஸின் தென்கிழக்கில் டோஃபினே என்ற மலைநாட்டில் 1788-லேயே பேசப்பட்ட பண்டம் இது. அசல் முறையில் கிழங்கு, பால், கிரீம், பூண்டு மட்டும், சீஸ்கூடக் கிடையாது. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் காரமும் மணமும் இந்த அடுக்குக்கென்றே விளைந்த மாதிரி இருக்கும். சமவெளிப் பூண்டு எட்டுப் பல் போடும் இடத்தில் மலைப்பூண்டு நாலு போதும்.

கிழங்கின் வயதும் அது எங்கே இருந்தது என்பதும்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று தடவை கிழங்கு போடுவதால் புதுக்கிழங்கு அடிக்கடி கைக்கு வரும். தோல் விரலால் தேய்த்தாலே உரியும் புதுக்கிழங்கில் மாவு குறைவு, நீர் அதிகம். துண்டு அழகாக நிற்கும், ஆனால் பால் கெட்டியாகாது. அதற்கு ஒரு மேசைக்கரண்டி மைதாவைப் பாலில் கரைத்துச் சேர்க்க வேண்டும். தோல் முற்றி, இரண்டு மூன்று வாரம் இருந்த கிழங்குதான் இதற்குச் சரியானது.

டிசம்பர், ஜனவரியில் இன்னொரு சிக்கல். உறைபனி விழும் இரவுகளில் சமையலறை மூலையில் கிடக்கும் கிழங்குக்குக் குளிர் ஏறி, மாவின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். ஏழெட்டு டிகிரிக்குக் கீழே பல நாள் கிடந்தால் இது நடக்கும். அந்தக் கிழங்கு தித்திக்கும், உள்ளே வேகும் முன்பே மேலே கறுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் இதே கதி. அடுப்புக்கு அருகே, வெளிச்சம் படாத இடத்தில், சாக்கில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். பச்சை நிறம் ஏறிய கிழங்கை எந்தக் காலத்திலும் எடுக்காதீர்கள்.

அளவு: கிழங்கு 1 கிலோ, நிறைகொழுப்புப் பால் 500 மில்லி, கிரீம் 200 மில்லி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தட்டிய பூண்டு, மிளகு. தோல் சீவிய கிழங்கைக் கழுவிவிட்டு, அதன் பிறகு 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். சீவிய பின் கழுவவோ தண்ணீரில் போடவோ கூடாது. பாலைக் கெட்டியாக்கப் போகும் மாவு அந்தத் தண்ணீரோடு போய்விடும். கறுத்துவிடும் என்ற பயமிருந்தால் சீவச் சீவ நேராகப் பாலில் போடுங்கள்.

கனமான பாத்திரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து, சிறு தீயில், அடிப்பிடிக்காமல் மரக்கரண்டியால் மெல்லத் திருப்பிக்கொண்டு 15 நிமிடம் வேகவையுங்கள். ஒரு துண்டை எடுத்து வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். பால் தளதளவென்று கொதிக்கக் கூடாது. கொழுப்புக் குறைந்த பாலாக இருந்தால் அந்தக் கொதியிலேயே திரிந்து திட்டுத்திட்டாகிவிடும். தக்காளியோ தயிரோ சேர்க்கும் ஆசை வேண்டாம். புளிப்பு, பாலைத் திரிப்பதோடு கிழங்கின் பெக்டினையும் இளக விடாது. எத்தனை நேரம் வைத்தாலும் துண்டு கடுக்கென்றே இருக்கும்.

பிறகு பாத்திரத்தில் அடுக்கி, மீதிப் பாலை ஊற்றி, 180 டிகிரியில் 40 நிமிடம். முதல் 20 நிமிடம் அலுமினியத் தாளால் மூடிவையுங்கள். முன்வேக்காடு இல்லாமல் பச்சையாக அடுக்கினால் ஊட்டியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகும். அதற்குள் பால் வற்றி வெண்ணெய் பிரிந்துவிடும்.

கிழங்கோடு கேரட்டையும் டர்னிப்பையும் மூன்றில் ஒரு பங்கு வரை கலக்கலாம். அதற்கு மேல் போனால் மாவு போதாமல் குழம்பு மாதிரி ஆகிவிடும். உறைபனிக்குப் பின் பிடுங்கிய கேரட் இனிப்பாக இருக்கும். அதைக் கலந்தால் மிளகைக் கூட்டுங்கள்.

எந்த அடுப்பு

28 அல்லது 30 லிட்டர் ஓடிஜி இருந்தால் மூன்றும் செய்யலாம். கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். மலைக் கிராமங்களில் மாலை நேரத்தில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 190 இருந்தால், ஓடிஜியின் சூடு அதே விகிதத்தில் குறையாது. அதன் வர்க்கமாகக் குறையும். 1,500 வாட் ராடு கிட்டத்தட்ட 1,000 வாட்தான் தரும். குமிழ் 190 டிகிரி காட்டினாலும் உள்ளே அது வருவதற்கு வெகுநேரம் ஆகும். முன்சூடு 10 நிமிடம் என்று செய்முறை சொன்னால் மலையில் 20 வையுங்கள். முடிந்தால் பகல் பதினொரு மணிக்கே பேக் செய்துவிட்டு, இரவு சூடுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளே வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் குமிழை நம்பவே வேண்டாம்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவில் காற்றாடி ஓடுவதால் மேல்பரப்பு இன்னும் சீக்கிரம் காயும். 20 டிகிரி குறைத்து வைத்து, பாதி நேரம் மூடிவையுங்கள். முட்டைப் பாலுக்கு இது அவ்வளவு ஏற்றதல்ல.

அவனே இல்லாத வீட்டில் பழைய கனமான அண்டாவோ, பழைய குக்கரோ போதும். குக்கர் என்றால் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். அடியில் இரண்டு சென்டிமீட்டர் சலித்த மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே வளையம் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் 12 நிமிடம் சூடேற்றிய பிறகு பாத்திரத்தை இறக்குங்கள். வெள்ளை சாஸ் பேக்குக்கு 35 நிமிடம். இதில் சூடு கீழிருந்து மட்டும் வருவதால் மேலே சிவக்காது. மூடியில் கோத்த நீர் சொட்டி மேல் நசநசப்பாகும். மூடிக்கு உள்பக்கம் துணி கட்டுவதை இந்தச் சூட்டில் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். மூடியை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள். மேல் மொறுமொறுப்புக்கு ரஸ்க் தூளைத் தனியாக வெண்ணெயில் சிவக்க வறுத்து, பரிமாறும்போது தூவினால் அவனில் செய்ததற்கு மிகவும் நெருங்கி வரும். இந்த வழிக்கு உருளைக்கிழங்கு அடுக்கு பொருந்தாது, அடி பிடிக்கும்.

பாத்திரம், சீஸ்

பீங்கான் பாத்திரம் சூட்டை நிதானமாக ஏற்றி நெடுநேரம் வைத்திருக்கும்; குளிரில் மேசைக்கு வரும் உணவுக்கு அதுவே நல்லது. கண்ணாடியானால் பேக் செய்யத் தகுந்தது என்று அச்சிட்டிருக்க வேண்டும். அவனிலிருந்து எடுத்ததை ஈரமான கல் மேடையில் வைத்தால் பட்டென்று விரிசல் விட்டுவிடும். மலை வீட்டுக் கல் மேடை எப்போதுமே சில்லென்று இருப்பதால், கீழே மடித்த துணியோ மரப்பலகையோ கட்டாயம். எவர்சில்வர் மெல்லியது என்பதால் அடியில் ஒட்டும்.

பிராசஸ்டு சீஸ் மட்டும் போட்டால் இளகும், ஆனால் நிறம் நன்றாக வராது. முற்றிய செடார் மட்டும் என்றால் நெய் பிரியும். பாதிக்குப் பாதி கலந்தால் இரண்டு குறையும் போகும். மொசரெல்லா நூல் இழுக்கும், கூடவே நீரும் விடும். ஏற்கெனவே நீர் பயம் உள்ள கோஸுக்கும் மேரக்காய்க்கும் அது வேண்டாம். மேலே தூவ ரொட்டித் தூளுக்குப் பதில் ஊட்டி வர்க்கி இரண்டை நொறுக்கிப் போடலாம். அடுக்கடுக்கான மொறுமொறுப்பு அருமையாக வரும். வர்க்கி மாவில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கறுக்கும். கடைசி 8 நிமிடத்தில் மட்டும் தூவுங்கள்.

மிச்சமானால் மறுநாளைக்கு வெள்ளை சாஸ் பேக்கும் கிழங்கு அடுக்கும் நன்றாகத் தாங்கும். இரண்டு கரண்டி பால் தெளித்து, மூடி, 160 டிகிரியில் 20 நிமிடம் வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாத்திரத்தை நேராகச் சூடான அவனில் வைக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். முட்டைப் பால் பேக்கை மறுபடி சூடாக்கினால் நீர் பிரியும். அதை ஆறியபடியே துண்டு போட்டு, தோசைக்கல்லில் வெண்ணெய் விட்டு இருபுறமும் லேசாக வாட்டி எடுப்பதே சரி.